நூறு மணி கோத்த மாலை, ஒரு காம்பஸ், ஒரு பழைய வரைபடம்: இமயத்துக்கு அப்பால் போன அளவைப் பயணங்களை வகுப்பில் நடத்தும் முறை

1865-66இல் நேபாளம் வழியாகத் திபெத்தின் தலைநகர் லாசாவுக்கு நடந்தே போய், போகும் வழியையெல்லாம் காலடியால் அளந்து வந்தவர் நைன் சிங் ராவத். குமாவுன் மலையில் மிலம் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'பண்டிட்' என்ற பெயர் அவருக்கு வந்தது அதனால்தான். எல்லைக்கு அப்பால் இருந்த நிலத்தை மனிதர்கள் எப்படி அறிந்தார்கள் என்பதை 8 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் புரியவைக்க, இந்த ஒரு பயணமே போதும்.

இது 5 வாரத் திட்டம். 8 பாடவேளை, அரை நாள் வெளிப்பயணம் ஒன்று, 40 மாணவர்கள் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். பேருந்துச் செலவு நீங்கலாக ஏறத்தாழ 3,000 ரூபாய்க்குள் முடிக்கலாம்.

தொடங்குமுன் ஒன்று. பெரும்பாலானோர் முதலில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், பிறகு வரைபடம் காட்டி, நேரம் மிஞ்சினால் செய்முறை வைக்கிறார்கள். இந்த வரிசையில் நடத்தினால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கருவி பிள்ளைகளுக்கு வெறும் பித்தளைதான். முதலில் கால் நடக்க வேண்டும். பிறகு பழைய வரைபடத்தைப் பிரிக்க வேண்டும். அருங்காட்சியகம் கடைசியில் வரட்டும். கீழே உள்ள படிகளை இடம் மாற்றாதீர்கள்.

1. ஒரு பயணம், ஒரு கேள்வி

'உலகப் புவியாய்வுப் பயணங்கள்' என்று தலைப்பு வைத்தால் 5 வாரம் பெயர்களிலும் ஆண்டுகளிலும் கரைந்துவிடும். ஒரே கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, கடைசி நாள் வரை அழிக்காமல் வையுங்கள்: "அளப்பது தெரிந்தால் ஆபத்து என்ற இடத்தில், ஒருவர் எப்படி அளந்திருப்பார்?" வெளியார் நுழையத் தடை இருந்த நாட்டுக்குள் யாத்ரீகராகவும் வணிகராகவும் வேடமிட்டுப் போனவர் நைன் சிங் என்பதை மட்டும் முதல் நாள் சொல்லுங்கள். காலடியை எண்ண உதவிய ஜெபமாலையைப் பற்றியும், குறிப்புகளை ஒளித்து வைத்த பிரார்த்தனைச் சக்கரத்தைப் பற்றியும் அன்று வாய் திறக்க வேண்டாம்.

2. வரைபடங்களைச் சேகரியுங்கள் (வகுப்புக்கு 3 வாரம் முன்பே)

மூன்று வரைபடங்கள் வேண்டும்.

முதலாவது, பயணத்துக்கு முந்தையது. பிரெஞ்சு வரைபடவியலாளர் தான்வீல் 1737இல் வெளியிட்ட சீனா, தார்த்தரி (சீனாவுக்கு வடக்கே உள்ள நிலப்பகுதி), திபெத் அட்லஸில் திபெத் பகுதி இருக்கிறது. டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு போன்ற இணையத் தொகுப்புகளில் பழைய அட்லஸ்கள் பெரிய அளவில், பணம் கட்டாமலே, வணிகமல்லாத பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது, பயணத்தில் பிறந்தது. நைன் சிங்கைப் பயிற்றுவித்து அனுப்பிய பிரிட்டிஷ் அளவை அதிகாரி மாண்ட்கோமரியின் அறிக்கையும் அதனுடன் வந்த வழித்தட வரைபடமும் லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் 1868ஆம் ஆண்டு இதழில் வந்தன. 1870க்கு முந்தைய இதழ்களை ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்கேன் செய்த பிரதிகளில் மடித்த வரைபடம் பாதியோடு நின்றுபோவது உண்டு. இறக்கியவுடன் நான்கு ஓரங்களிலும் பாகைக் குறிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, இன்றையது. அரசின் வரைபட நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் இணையத்தளத்தில் இந்திய வெளிக்கோட்டு வரைபடமும், பொதுமக்களுக்கான 1:50,000 தாள்களும் கிடைக்கின்றன. தாள்களுக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் பள்ளி இருக்கும் பகுதியின் தாளையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். 5ஆம் படிக்கு அது வேண்டும். எல்லையோரத் தாள்கள் கிடைக்காது, அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். திபெத்துக்குப் பள்ளி அட்லஸே போதும்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது நடக்கும் தவறு இது: ஏ3 தாளில் அடங்குவதற்காகக் கடைக்காரர் 70 சதவீதத்துக்குச் சுருக்குவார். "1 அங்குலம் = இத்தனை மைல்" என்று அச்சிட்டிருக்கும் எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் அது அந்தக் கணமே பொய்யாகிவிடும். கோட்டு அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் உண்மையாகவே நிற்கும். அளவுகோல் கோடு இருக்கும் மூலையையும் சேர்த்தே நகலெடுங்கள்.

3. பெட்டி தயார் செய்யுங்கள்

5 பேர் கொண்ட 8 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும்:

- 90 சிறு மணி, 10 பெரிய மணி கோத்த மாலை ஒன்று. மொத்தம் 720 சிறியது, 80 பெரியது. ஃபேன்சி கடை மணிகளே போதும்.
- திரவம் நிரப்பிய தட்டைக் காம்பஸ் ஒன்று. செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போகும். பணம் இடித்தால் நான்கு மட்டும் வாங்கி, இரண்டு பாடவேளையாகப் பிரித்து நடத்துங்கள். நூறு ரூபாய்க்கும் குறைவான பொம்மைக் காம்பஸ் வேண்டாம்; முள் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசை காட்டும்.
- பாகைமானி, 30 செ.மீ. அளவுகோல், கட்டம் போட்ட ஏ3 தாள் 2, பென்சில், அட்டை.

வகுப்புக்குப் பொதுவாக 30 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று, 0.1 பாகை வரை காட்டும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று.

கோக்கும்போது ஒவ்வொரு 9 சிறு மணிக்கும் அடுத்து ஒரு பெரிய மணி வர வேண்டும். இறுக்கிக் கோத்துவிட்டால் மணி நகராது, எண்ணவே முடியாது. நான்கு விரல் அகலத்துக்கு நூல் காலியாகத் தெரியும்படி விட்டு முடிச்சுப் போடுங்கள்.

4. நடையை அளவெடுப்பது (2 பாடவேளை)

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

மைதானத்தில் டேப்பால் 50 மீட்டர் அளந்து இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒவ்வொரு மாணவரும் மூன்று முறை நடந்து காலடிகளை எண்ணட்டும். 81, 79, 82 என்று வந்தால் சராசரி 80.7; ஒரு காலடி 62 செ.மீ. அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இனி அதுதான் அந்தப் பிள்ளையின் அளவுகோல்.

இங்கே தவறுகள் வரும் வழிகள்:

அளக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் கால்களை எட்டி வைப்பார்கள். அந்த நடையை 400 மீட்டருக்குத் தாங்க முடியாது. பாதியில் காலடி குறுகிவிடும், கணக்கு முழுவதும் நீண்டு வரும். முதல் சுற்றை எழுதாமல் விட்டுவிட்டு, அதன்பின் மூன்று சுற்று எடுத்தால் இயல்பான நடை வந்துவிடும்.

பேசிக்கொண்டே எண்ணினால் பத்துகள் நழுவும். இடதுகால் படும்போது மட்டும் எண்ணி இரண்டால் பெருக்குவது எளிது.

மேட்டில் ஏறும்போது காலடி குறுகும். பள்ளியில் சரிவு இருந்தால் அங்கே தனியாக ஒரு முறை அளவெடுங்கள்.

எல்லோரும் தங்கள் எண்ணை எழுதிய பிறகு நைன் சிங்கின் அளவைச் சொல்லுங்கள்: 2,000 காலடிக்கு ஒரு மைல். ஒரு காலடிக்கு எத்தனை செ.மீ. என்று அவர்களே வகுக்கட்டும், 80 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். அந்த நீளத்தைத் தரையில் கோடு போட்டு, பத்துக் காலடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மேடோ பள்ளமோ, மலைப்பாதையில் இதே நடையை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கப் பழக்கப்பட்ட கால்கள் அவருடையவை என்பது அப்போது விளக்கம் இல்லாமலே புரியும்.

அடுத்த கேள்வி: இத்தனை காலடிகளை வாய்விட்டு எண்ணாமல், காகிதத்தில் குறிக்காமல், பக்கத்தில் வருபவருக்குத் தெரியாமல் எப்படி எண்ணுவீர்கள்? ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். கூழாங்கல், விரல்கணு, முடிச்சு என்று சொல்வார்கள். பிறகு மாலையைக் கையில் கொடுங்கள்.

பௌத்த ஜெபமாலையில் 108 மணி இருக்கும். அவருக்குத் தந்த மாலையில் 100. பார்ப்பவர் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் எட்டு மணிகளை எடுத்துவிட்டார்கள். சிறு மணிகள் பவளம்போலத் தோன்றும் சிவப்புக் கலவையால் ஆனவை. ஒவ்வொரு பத்தாவது மணியும் சொரசொரப்பான ருத்திராட்சக் கொட்டை. கண்ணால் பார்க்காமல் விரலாலேயே பத்து வந்துவிட்டதை அறிய அந்தச் சொரசொரப்பு போதும். 100 காலடிக்கு ஒரு மணி. பெரிய மணி வந்தால் 1,000. மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல்.

பள்ளி வளாகத்துக்கு 100 காலடி அதிகம். 10 காலடிக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் சுற்றுக்கு 65 மணி அளவில் நகரும்.

மாலையும் சக்கரமும் இன்றும் கோடிக்கணக்கானவர்கள் வழிபாட்டில் வைத்திருக்கும் பொருள்கள். அவற்றை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம் என்று மணி கோக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

5. வளாகத்தைச் சுற்றி அளந்து வரைவது (2 பாடவேளை)

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வழியாக இருக்க வேண்டும். திறந்த வழியில் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 6 முதல் 8 திருப்பங்கள், மொத்தம் 300-400 மீட்டர் போதும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அடுத்த திருப்பத்தின் திசையைக் காம்பஸில் பாகையாகப் படித்து, அங்கே வரை காலடி எண்ணிப் போக வேண்டும். குழுவில் ஒருவர் நடக்க, ஒருவர் மணி தள்ள, ஒருவர் காம்பஸ் படிக்க, ஒருவர் எழுத, ஐந்தாமவர் தனியாக எண்ணிச் சரிபார்ப்பார்.

இரும்புக் கேட், கொடிக்கம்பம், நிறுத்திய வண்டி, கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் முள்ளை இழுக்கும். இவற்றிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி நின்று படிக்க வேண்டும். சட்டைப்பையில் செல்பேசி வைத்துக்கொண்டு காம்பஸைப் பார்க்கும் ஆசிரியர்தான் பிழைக்கு முதல் காரணம். 5 பாகை தவறினால் 100 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடுவோம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2 பாகைக்குள்தான். இந்தப் பயிற்சிக்கு அதை விட்டுவிடலாம்.

வகுப்புக்கு வந்து 1:500 அளவில் வரையட்டும்: 5 மீட்டருக்கு 1 செ.மீ. கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து முட்டாது. எந்தக் குழுவுக்கும் முட்டாது. முட்டியதாகக் காட்டும் குழு எங்கோ அழித்துத் திருத்தியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அதைக் குற்றமாக்காமல், பிழையை அளந்து எழுதுவதுதான் அளவையாளரின் நேர்மை என்று சொல்லிக்கொடுங்கள். 400 மீட்டர் சுற்றுக்கு இடைவெளி 2.4 செ.மீ. என்றால் தரையில் 12 மீட்டர், அதாவது 3 சதவீதம். முதல் முறைக்கு 5 சதவீதத்துக்குள் வந்தால் நன்று.

பிறகு பிழையைப் பங்கிடுங்கள். 100 மீட்டரில் இருக்கும் திருப்பத்தை 0.6 செ.மீ., 200இல் 1.2, 300இல் 1.8, கடைசிப் புள்ளியை முழு 2.4 செ.மீ. என்று, இடைவெளியை மூடும் திசையிலேயே இணையாக நகர்த்தினால் சுற்று மூடிக்கொள்ளும். 1:50,000 தாளில் தங்கள் பள்ளி எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று இப்போது தேடச் சொல்லுங்கள்: 100 மீட்டர் அங்கே 2 மில்லிமீட்டர்.

இடத்தின் உயரத்தை அறிய உதவும் கொதிநிலைச் சோதனையை விருப்பமிருந்தால் சேர்க்கலாம். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறையும், ஊட்டியில் 92.5 அளவில் கொதிக்கும், லாசாவில் 88 அளவில். ஆய்வகத்துச் சாதாரண வெப்பமானியில் ஒரு கோடு தவறினால் 300 மீட்டர் மலை தவறிப்போகும்; அதனால்தான் 0.1 பாகை கேட்டோம். முனையை நீரில் வைக்காமல் நீருக்கு மேலே ஆவியில் வையுங்கள், நீரில் கரைந்த உப்பு கொதிநிலையை மாற்றிவிடும். அடுப்பை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும்.

பாதரசம் வேண்டவே வேண்டாம். செக்ஸ்டன்ட் என்ற கோணமானியில் விண்மீனின் உயரத்தை அளக்க நைன் சிங் பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிச் செயற்கை அடிவானம் அமைத்தார், அதைத் தேங்காய் ஓட்டிலும் மெழுகால் அடைத்த சோழிகளிலும் மறைத்துக் கொண்டுபோனார். வகுப்பில் தட்டில் ஊற்றிய கறுப்புத் தேநீர் அதே வேலையைச் செய்யும். மேலே பிடித்த பேனாவும் தட்டில் தெரியும் பிம்பமும் சம கோணத்தில் நிற்பதைக் காட்டினால் போதும். சூரியனை யாரும் பார்க்கக் கூடாது.

6. பழைய வரைபடத்தைப் பிரியுங்கள் (2 பாடவேளை)

தான்வீலையும் 1868ஐயும் அருகருகே வையுங்கள். 'என்ன தெரிகிறது?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இரண்டிலும் லாசாவின் அட்சரேகை என்ன? நைன் சிங் அளந்தது 29 பாகை 39 நிமிடம். இன்றைய அட்லஸிலும் அதே 29 பாகை 39 நிமிடம்தான். தங்கள் 3 சதவீதப் பிழையைத் தங்கள் கையாலேயே கண்டுவந்த பிள்ளைகளுக்கு இந்த எண் என்ன செய்யும் என்பதை அப்போது முகத்தில் பார்க்கலாம்.

தீர்க்கரேகையை ஒப்பிடாதீர்கள். கிரீன்விச்சைப் பொதுத் தொடக்கமாக ஏற்றுக்கொண்டது 1884இல்தான். பழைய வரைபடங்கள் வேறு நகரங்களிலிருந்தும் எண்ணியிருக்கும், பிள்ளைகள் குழம்புவார்கள்.

சாங்போ (பிரம்மபுத்திராவின் திபெத்துப் பெயர்) ஆற்றின் வளைவுகளை நூலால் ஒட்டி அளந்து இரண்டு வரைபடத்திலும் ஒப்பிடலாம். வழித்தடத்துக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி என்ன இருக்கிறது என்று கடைசியாகக் கேளுங்கள். பெரும்பாலும் வெற்றிடம். கால் போகாத இடத்தில் கோடு இல்லை.

7. வெளிப்பயணம்: கடிதங்கள், நேரம், இடம்

நேர்மையாகச் சொன்னால், கண்ணாடிப் பெட்டி வரிசையைவிட அருகிலுள்ள பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரியின் சர்வே லேப் பல மடங்கு பயன் தரும். அளவைச் சங்கிலி, பிரிஸ்மாட்டிக் காம்பஸ், கோணம் அளக்கும் தியோடலைட் எல்லாம் அங்கே இருக்கும். தொட்டுப் பார்க்க விடுவார்கள், கட்டணமும் பெரும்பாலும் இருக்காது. துறைத்தலைவருக்குத் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று போதும்.

சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு இரண்டு இடங்கள். ஒன்று, பரங்கிமலை: பிரிட்டிஷ் அளவையாளர் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று இந்தியப் பெருமுக்கோண அளவையின் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது இம்மலையின் அடிவாரத்தில். மற்றொன்று, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கும் 1792ஆம் ஆண்டு வானாய்வகக் கருங்கல் தூண். அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு, பிள்ளைகளே வாசிக்க முயலலாம். அது அலுவலக வளாகம், எழுத்து அனுமதி இல்லாமல் போய் நிற்க வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும் சேர்ப்பதானால் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.

கையில் இருக்க வேண்டியவை: கல்வி அலுவலரின் முன் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள், மாணவர் பட்டியல் (இரண்டு நகல், பெற்றோர் எண்ணோடு), போகும் இடத்தின் அனுமதிக் கடிதம், பள்ளி அடையாள அட்டைகள், வாகனத்தின் தகுதிச் சான்றும் காப்பீடும், முதலுதவிப் பெட்டி. நான்கு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். கடிதத்தில் தேதி ஒன்றுக்குப் பதில் இரண்டு கொடுத்தால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். புகைப்படத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

போன இடத்தில் நான்கே பொருள்கள், ஒன்றுக்கு 12 நிமிடம். எழுதப் பென்சில் மட்டும். ஃபிளாஷ் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் கேள்விகள் இவை: எந்த இடம் தேய்ந்திருக்கிறது? எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள்? உடைந்தால் வழியில் எப்படிச் சரிசெய்திருப்பார்கள்? லாம்டனின் பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமடைந்தது, அவரே உட்கார்ந்து அதைச் சீராக்கினார். அதன் எடையையும், உள்ளங்கையில் அடங்கும் மாலையையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

8. வரைபடத்தில் இல்லாதவர்கள் (1 பாடவேளை)

1868 அறிக்கையின் தலைப்பில் நைன் சிங்கின் பெயர் இல்லை. 'பண்டிட்' என்று மட்டுமே இருந்தது. மறுபடி அனுப்பவேண்டியவர் காட்டிக்கொடுக்கப்படக் கூடாது என்பது காரணம். ராயல் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 1877இல் கிடைத்தது.

திபெத்தியர் பக்கத்தையும் வையுங்கள். 1880களில் இப்படிப் போன வங்காள அறிஞர் சரத் சந்திர தாஸுக்கு இடம் கொடுத்த செங்சென் லாமாவைத் திபெத் அரசு மரண தண்டனை கொடுத்துக் கொன்றது. 9ஆம் வகுப்புக்கு மேல் இதை வெளிப்படையாகப் பேசலாம். வேடமிட்டு வந்தவரை நம்பி வீட்டில் வைத்துக்கொண்டவருக்கு அந்த வரைபடம் என்னவாக இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள்களில் இதற்கு மதிப்பெண் போடாதீர்கள், வாசியுங்கள்.

9. காட்சிக்கு வைப்பதற்கு முன்

சுவரொட்டியிலோ பள்ளி மலரிலோ இந்திய வரைபடம் வந்தால், அது சர்வே ஆஃப் இந்தியாவின் வெளிக்கோட்டோடு ஒத்திருக்க வேண்டும். மாறுபட்ட எல்லையோடு வெளியிடுவது சட்டப்படி தண்டனைக்குரியது. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வரைபடங்களில் வடக்கு எல்லை வேறுமாதிரி இருக்கும். மாணவர்கள் அதையே ஒட்டிக்கொண்டு வருவார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு படத்தையும் நீங்களே வெளிக்கோட்டோடு வைத்துப் பாருங்கள். 1737, 1868 படங்களின் கீழே ஆண்டையும் 'வரலாற்று வரைபடம்' என்ற சொல்லையும் பெரிதாக அச்சிடுங்கள்.

மதிப்பெண் 25க்கு என்றால், களக்குறிப்பு நோட்டுக்கு 10, பிழையை அளந்து விளக்கியதற்கு 10, வரைபடத்தின் அழகுக்கு 5. இந்த விகிதத்தை முதல் நாளே அறிவித்துவிட்டால், 5ஆம் படியில் ரப்பரை எடுத்து அழிக்கும் குழுக்கள் பாதியாகக் குறையும்.